தலையங்கம் எழுதிய கையால் ஒரு மாநிலத்தை ஆண்டவர்: டென்னசியின் பார்சன் பிரவுன்லோ

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றித் தமிழில் நாம் படிப்பது பெரும்பாலும் லிங்கனில் தொடங்கி, அவர் மீது பாய்ந்த குண்டோடு நின்றுவிடுகிறது. அடிமை முறை ஒழிந்தது, சரி. தோற்றுப்போன தென் மாநிலங்களை அதன் பிறகு யார் ஆண்டார்கள்? நேற்றுவரை அடிமையாக இருந்தவருக்கு வாக்குச் சீட்டு எப்படிக் கிடைத்தது? கிடைத்தது ஏன் கையில் தங்கவில்லை? இந்தக் கேள்விகளுக்கு ஒரே ஒருவரின் வாழ்க்கையை வைத்து விடை தேடச் சொன்னால், நான் வில்லியம் கேனவே பிரவுன்லோவைத்தான் எடுத்துக்கொள்வேன். மெதடிஸ்ட் போதகர், வாரப் பத்திரிகை ஆசிரியர், வேதாகமத்தைக் காட்டி அடிமை முறைக்கு வாதாடியவர், பின்னாளில், கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை கொடுத்த டென்னசி மாநில ஆளுநர். இத்தனையும் ஒரே மனிதர். ஊர் அவரை 'பார்சன் பிரவுன்லோ', அதாவது 'போதகர் பிரவுன்லோ' என்றே அழைத்தது.

1805இல் வர்ஜீனியாவின் மலைப்பகுதியில் பிறந்தவர். பத்து, பதினொரு வயதிலேயே தாயையும் தந்தையையும் இழந்து, உறவினர் வீட்டில் வளர்ந்து, தச்சுத் தொழில் பழகினார். 1825இல் திறந்தவெளியில் நடந்த ஒரு மெதடிஸ்ட் எழுப்புதல் கூட்டம் அவர் வாழ்க்கையைத் திருப்பியது. அடுத்த ஆண்டே ஊர் ஊராகக் குதிரையில் போய்ப் பிரசங்கம் செய்யும் போதகரானார். அந்த வேலையில் நிரந்தர ஊர் கிடையாது, சம்பளமும் சொற்பம். மலைக் கிராமங்களுக்கு இடையே நூற்றுக்கணக்கான மைல் சுற்ற வேண்டும். போன இடமெல்லாம் பாப்டிஸ்ட், பிரெஸ்பிடேரியன் போதகர்களோடு மல்லுக்கு நிற்க வேண்டும். ஞானஸ்நானம் முழுக்கா, தெளிப்பா என்பதில் தொடங்கும் வாக்குவாதம், எதிராளியின் குடும்பத்தை இழுப்பதில் போய் முடியும். பிரவுன்லோவுக்கு அது நன்றாகவே வந்தது. எதிர்த்துப் பேசுகிறவர் தவறாக நினைக்கிறவர் அல்ல, கெட்டவர் என்று பார்க்கும் கண் அவருக்கு அந்தக் காலத்தில்தான் வாய்த்தது என்பது என் கணிப்பு. பிற்பாடு அவர் நடத்திய பத்திரிகையையும் ஆட்சியையும் புரிந்துகொள்ள இதைவிட நல்ல திறவுகோல் இல்லை.

1839இல், கிழக்கு டென்னசியின் எலிசபெத்டன் என்ற சிற்றூரில் 'டென்னசி விக்' பத்திரிகையைத் தொடங்கினார். மறு ஆண்டு ஜோன்ஸ்பரோவுக்கும், 1849இல் நாக்ஸ்வில் நகரத்துக்கும் பத்திரிகை இடம் மாறியது. பெயரிலேயே கட்சி இருப்பதைக் கவனிக்கலாம். ஆண்ட்ரூ ஜாக்சனின் ஜனநாயகக் கட்சியை எதிர்த்து நின்றது விக் கட்சி. ஹென்றி கிளே அதன் தலைமகன். அக்காலத்தில் நடுநிலைப் பத்திரிகை என்று ஒன்றை யாரும் எதிர்பார்க்கவில்லை. கட்சி ஆட்சிக்கு வந்தால் அரசு அச்சு வேலை கிடைக்கும், தோற்றால் போய்விடும். சந்தாவைப் பணமாகக் கட்ட முடியாமல் தானியமும் விறகும் கொண்டுவந்து இறக்கிய வாசகர்கள் அன்றைய ஊர்ப் பத்திரிகைகளுக்கு இருந்தார்கள். கையால் இழுக்கும் அச்சு இயந்திரம். ஒருவர் மை தடவ, ஒருவர் தாள் வைத்து இழுக்க, மணிக்கு இருநூறு சொச்சம் பக்கங்கள் வெளிவரும். இவ்வளவு சிறிய தொழிலுக்கு அவ்வளவு பெரிய வீச்சு கிடைத்ததற்குக் காரணம் தபால் சட்டம். ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் தங்கள் இதழ்களைக் கட்டணமில்லாமல் தபாலில் அனுப்பிக்கொள்ளலாம் என்று 1792ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதித்தது. அதனால் ஜோன்ஸ்பரோவில் அச்சான ஒரு வசை, சில வாரங்களில் நியூயார்க் பத்திரிகையில் மறுபதிப்பாகும். வசை சூடாக இருந்தால்தான் அடுத்தவர் எடுத்துப் போடுவார். காரசாரமாக எழுதுகிறவருக்கு இந்த ஏற்பாடே ஊக்கம் கொடுத்தது.

'எல்லாவற்றிலும் சுதந்திரம், எதிலும் நடுநிலை இல்லை' என்பது அவர் பத்திரிகையின் முகப்பு வாசகங்களில் ஒன்று. சொன்னபடியே நடந்தார். 1840இல் ஜோன்ஸ்பரோ தெருவில், லேண்டன் கார்ட்டர் ஹேய்ன்ஸ் என்ற எதிர்க்கட்சிக்காரரை மறித்துக் கைத்தடியால் அடித்தார். ஹேய்ன்ஸ் துப்பாக்கியை எடுத்துச் சுட, குண்டு பிரவுன்லோவின் தொடையில் இறங்கியது. அந்த ஹேய்ன்ஸ் பின்னர் போட்டிப் பத்திரிகையின் ஆசிரியரானார். 1845இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவைக்குப் போட்டியிட்ட பிரவுன்லோ, ஆண்ட்ரூ ஜான்சனிடம் தோற்றார். தேர்தல் பகையின் சூட்டில், ஜான்சன் நாத்திகர், முறைதவறிப் பிறந்தவர் என்றெல்லாம் அச்சில் ஏற்றினார். இந்த இருவரும் பின்னால் ஒரே அணியில் நிற்கப்போகிறார்கள். அதற்குப் பின் முன்னைவிடக் கடுமையாக மோதப்போகிறார்கள்.

அடிமை முறை பற்றி அவர் என்ன நினைத்தார் என்பதை மழுப்பிச் சொல்லக் கூடாது. 1858இல் பிலடெல்பியாவில் ஆப்ரம் பிரைன் என்ற அடிமை முறை ஒழிப்புவாதியோடு பல நாள் பொதுமேடை விவாதம் நடத்தினார். அமெரிக்க அடிமை முறை நீடிக்க வேண்டுமா என்பதுதான் தலைப்பு. ஆம், நீடிக்க வேண்டும், அது கடவுளின் ஏற்பாடு என்று வாதாடினார் பிரவுன்லோ. அந்தப் பேச்சு புத்தகமாகவும் வந்தது. டென்னசியில் அப்போது ஏறத்தாழ 2,75,000 மனிதர்கள் அடிமைகளாக இருந்தார்கள். மக்கள்தொகையில் நான்கில் ஒரு பங்கு. அவர்களில் ஒருவருடைய வாய்ச்சொல்லுக்கும் அந்த மேடையில் இடமில்லை.

அப்படிப்பட்டவர் 1861இல் தென் மாநிலங்கள் அமெரிக்காவைவிட்டுப் பிரிந்துபோவதை ஏன் எதிர்த்தார்? இதற்கு விடை மண்ணில் இருக்கிறது. டென்னசி ஒரே மாநிலம் என்றாலும் மூன்று நாடுகள்போல. மேற்கே மிசிசிப்பி ஓரம் பருத்திப் பண்ணைகள். நடுவே செழிப்பான வயல்கள். கிழக்கே மலைகள், சிறு விவசாயிகள், அடிமைகள் குறைவு. கிழக்கத்தியருக்குப் பிரிவினை என்பது பருத்தி முதலாளிகள் தங்கள் சொத்தைக் காக்கக் கிளப்பிய சண்டை. அதில் தாங்கள் ஏன் சாக வேண்டும் என்று கேட்டார்கள். 1861 ஜூன் 8 வாக்கெடுப்பில் மாநிலம் முழுவதுமாக 1,04,000க்கும் மேற்பட்டோர் பிரிவினைக்கு ஆதரவு, எதிர்ப்பு 47,000. ஆனால் கிழக்கில் மட்டும் கணக்கு தலைகீழ்: எதிர்த்து சுமார் 33,000, ஆதரித்து 15,000க்கும் குறைவு. பிரவுன்லோவின் பத்திரிகை இந்த மலை மக்களின் குரலாக இருந்தது. அடிமை முறைக்கு ஒன்றியமே, அதாவது பிரியாத அமெரிக்காவே பாதுகாப்பு, பிரிந்தால் அதுவும் அழியும் என்பது அவருடைய வாதம். அதைப் பொறுத்தவரை அவர் கணிப்பு தப்பவில்லை.

பிரிந்துபோன தென் மாநிலங்கள் சேர்ந்து அமைத்த கூட்டமைப்பின் படை நாக்ஸ்வில்லைப் பிடித்த பிறகும் அவர் வீட்டில் அமெரிக்கக் கொடி பறந்தது. பத்திரிகையும் அக்டோபர் வரை வந்தது. கடைசியில் நிறுத்தவேண்டியதாயிற்று. நவம்பர் 8 இரவு ஒன்றிய ஆதரவாளர்கள் கிழக்கு டென்னசியின் ரயில் பாலங்களுக்குத் தீ வைத்தபோது, பிரவுன்லோ மேல் சந்தேகம் விழுந்தது. மலைக்குள் ஒளிந்திருந்த அவர், வடக்கே போகவிடுவதாக வாக்குறுதி பெற்றுத் திரும்பினார். டிசம்பர் 6ஆம் தேதி தேசத்துரோகக் குற்றச்சாட்டில் கைதானார்.

நாக்ஸ்வில் சிறையில் கைதிகள் நிரம்பி வழிந்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் படுக்க இடமில்லை, முறைவைத்துத் தூங்கினோம் என்று அவர் எழுதியிருக்கிறார். பாலம் எரித்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட கிறிஸ்டோபர் ஹான் என்ற குயவரை டிசம்பர் 11ஆம் தேதி தூக்கிலிட்டார்கள். ஆறு நாள் கழித்து ஜேக்கப் ஹார்மனையும் அவர் மகன் ஹென்றியையும் ஒரே நாளில் தூக்கிலிட்டார்கள். அவர்கள் புறப்பட்டுப் போனதைக் கண்ணெதிரே பார்த்த கைதிகளில் பிரவுன்லோவும் ஒருவர். அதற்குமுன் அவருக்குப் பகை என்பது பெரும்பாலும் அச்சிலும் தெருச் சண்டையிலும் நடப்பது. இந்த டிசம்பருக்குப் பிறகு அப்படி இல்லை. பின்னாளில் அவர் காட்டிய கடுமையைப் பழிவாங்கும் வெறி என்று மட்டும் எழுதுகிறவர்கள் இந்தச் சிறையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அந்தச் சிறையிலிருந்தே கூட்டமைப்பின் போர் அமைச்சர் ஜூடா பெஞ்சமினுக்கு ஒரு கடிதம் எழுதினார்: என்னை வெளியே போகவிடுங்கள், சாத்தான்கூடச் செய்யாத உதவியை உங்களுக்குச் செய்கிறேன், நாட்டைவிட்டே போய்விடுகிறேன். காய்ச்சலில் விழுந்து வீட்டுக் காவலுக்கு மாற்றப்பட்ட அவரை, 1862 மார்ச்சில் ஒன்றியப் படையின் எல்லைக்குக் கொண்டுபோய் விட்டார்கள். கூட்டமைப்பு செய்த பெரிய தவறுகளில் இதுவும் ஒன்று. வடக்கே நகரம் நகரமாகச் சொற்பொழிவு, கூட்டம் அலைமோதியது. அதே ஆண்டு பிலடெல்பியாவில் வெளியான அவருடைய சிறை அனுபவ நூல் லட்சத்துக்கும் மேல் விற்றது. 1863 செப்டம்பரில் ஒன்றியப் படை நாக்ஸ்வில்லை மீட்டது. நவம்பரில் பத்திரிகை மறுபடி வந்தது, பெயரில் ஒரு வால் சேர்ந்து: 'நாக்ஸ்வில் விக் அண்ட் ரெபல் வென்ட்டிலேட்டர்'. கலகக்காரர்களை அம்பலப்படுத்துவதே வேலை என்று பெயரிலேயே சொல்லிவிட்டார்.

1865 பிப்ரவரி 22ஆம் தேதி டென்னசி வாக்காளர்கள் தங்கள் சாசனத்தைத் திருத்தி அடிமை முறையை ஒழித்தார்கள். மார்ச் 4ஆம் தேதி பிரவுன்லோ எதிர்ப்பில்லாமல் ஆளுநராகத் தேர்வானார். இந்தத் தேர்தல்களில் வாக்களித்தவர்கள் ஒன்றிய விசுவாசிகள் மட்டுமே என்பதை மறக்கக் கூடாது. அன்றே அவருடைய பழைய எதிரி ஆண்ட்ரூ ஜான்சன் வாஷிங்டனில் துணை அதிபராகப் பதவியேற்றார். ஆறு வாரத்தில் லிங்கன் கொல்லப்பட, அதிபரானார். போர்க்காலத்தில் இருவரும் ஒன்றியத்துக்காக ஒன்றாக நின்றவர்கள். தோற்ற தெற்கை என்ன செய்வது என்பதில் உடைந்தார்கள். ஜான்சன் பழைய கூட்டமைப்பினரை மன்னித்துக்கொண்டே போனார். பிரவுன்லோ அவர்களுடைய வாக்குரிமையைப் பிடுங்கும் சட்டங்களைக் கொண்டுவந்தார்: 1865இல் ஒன்று; அது போதாது என்று 1866இல் இன்னும் கடுமையாக இன்னொன்று. யாரை வாக்காளர் பட்டியலில் சேர்ப்பது என்று முடிவுசெய்யும் பதிவு அதிகாரிகளை ஒவ்வொரு கவுன்ட்டிக்கும், அதாவது மாவட்டத்துக்கும், ஆளுநரே நியமிப்பார். இந்த ஏற்பாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதை முடிவதும் இதில்தான்.

1866 கோடையில், முன்னாள் அடிமைகளைக் குடிமக்களாக்கும் பதினான்காம் சாசனத் திருத்தம் மாநிலங்களின் ஒப்புதலுக்கு வந்தது. டென்னசி பேரவையில் எதிர்த்தரப்பு உறுப்பினர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: வராமல் இருந்துவிட்டால் அவை நடத்தத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை இருக்காது, வாக்கெடுப்பும் நடக்காது. காவலரை அனுப்பி இரண்டு உறுப்பினர்களைப் பிடித்துவரச் செய்தது பேரவை. ஒரு நீதிபதி ஆட்கொணர்வு ஆணை பிறப்பித்தார். பேரவை அதை மதிக்கவில்லை. பின்னர் அந்த நீதிபதிமேலேயே பதவிநீக்க விசாரணை நடத்தியது. இருவரையும் பக்கத்து அறையில் வைத்துக்கொண்டே, அவர்கள் வந்திருப்பதாகக் கணக்கிட்டு, ஜூலை 19 அன்று 43க்கு 11 என்று திருத்தத்தை நிறைவேற்றினார்கள். பிரவுன்லோ உடனே வாஷிங்டனுக்குத் தந்தி அடித்தார். பெறுநர் ஜான் ஃபோர்னி. செனட் செயலரான அவரும் ஒரு பத்திரிகைக்காரர்தான். போரில் வென்றோம், வெள்ளை மாளிகையின் செத்த நாய்க்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள் என்று முடிந்தது தந்தி. நாய் என்றது, நாட்டின் அதிபரை. ஜோன்ஸ்பரோவில் அச்சுக் கோர்த்த காலத்தின் அதே நாக்கு.

ஐந்தே நாளில் டென்னசியின் பிரதிநிதிகளை நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்டது. பிரிந்துபோன மாநிலங்களில் முதலில் திரும்பிச் சேர்ந்தது அதுதான். இதன் பலன் பெரியது. மறு ஆண்டு பிற தென் மாநிலங்களெல்லாம் ராணுவ ஆட்சியின் கீழ் போனபோது, டென்னசி மட்டும் தப்பியது. இத்திருத்தம் நிறைவேறிய முறையை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அது நிறைவேறாமல் போயிருக்க வேண்டும் என்றும் என்னால் சொல்ல முடியாது. அந்த மே மாதம்தான் டென்னசியின் மெம்பிஸ் நகரில் வெள்ளையர் கும்பல் கறுப்பின மக்கள் 46 பேரைக் கொன்றிருந்தது. அவர்களுக்குச் சட்டத்தின் பாதுகாப்பு அவசரமாகத் தேவைப்பட்டது.

வாக்குரிமைக்கு வருவோம். 1865 ஜனவரியிலேயே டென்னசியின் கறுப்பினக் குடிமக்கள் நாஷ்வில்லில் கூடியிருந்த ஒன்றியவாதிகளிடம் மனு கொடுத்திருந்தார்கள்: ஒன்றியத்துக்காகத் துப்பாக்கி பிடித்த எங்களிடம் வாக்குச் சீட்டைக் கொடுக்க ஏன் தயக்கம் என்பது அதன் சாரம். அந்தக் கோரிக்கை அப்போது எடுபடவில்லை. கறுப்பின மக்களைத் தனிப் பிரதேசத்தில் குடியேற்றலாம் என்று பேசியவர் பிரவுன்லோ. இரண்டே ஆண்டில் அவர் நிலை மாறியது. மனம் திருந்தினார் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் கணக்கு வேறு கதை சொல்கிறது. ஒன்றியவாதிகளிலேயே ஒரு பகுதி எதிர்முகாமுக்கு நழுவிக்கொண்டிருந்தது. 1867 தேர்தல் நெருங்கியது. புது வாக்காளர்கள் வேண்டும். துரோகம் செய்த வெள்ளையரைவிட விசுவாசமான கறுப்பர் மேல் என்பது அவர் வாதமானது. 1867 பிப்ரவரியில் கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை தரும் சட்டம் நிறைவேறியது. தென் மாநிலங்களில் இதைச் செய்யும்படி வாஷிங்டன் கட்டாயப்படுத்தத் தொடங்கியது மார்ச்சில்தான். வாக்கு உண்டு, பதவி கிடையாது, ஜூரியில் இடம் கிடையாது என்ற குறையோடு வந்த சட்டம் அது. மறு ஆண்டு அந்தத் தடைகள் நீக்கப்பட்டன. அதே 1867இல் இரு இனக் குழந்தைகளுக்கும், தனித்தனியாகத்தான் என்றாலும், இலவசப் பொதுப்பள்ளிச் சட்டமும் வந்தது. ஆகஸ்ட் தேர்தலில் கறுப்பின ஆண்கள் முதன்முறையாக வரிசையில் நின்றார்கள். பிரவுன்லோவுக்கு சுமார் 74,000 வாக்கு. எதிர்த்த எமர்சன் எத்ரிட்ஜுக்கு 22,000.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ரயில் நிறுவனங்களுக்கு மாநிலப் பத்திரங்களை வாரிக் கொடுத்ததில் ஊழல் புகுந்தது. கடன் மலைபோலக் குவிந்தது. அதன் சுமையைப் பின்வந்த அரசுகள் பல ஆண்டுகள் இழுத்தன. எதிர்த்தரப்புப் பத்திரிகைகள் அவரைக் கொடுங்கோலன் என்றதில் முழுப் பொய் இல்லை.

இதற்கிடையே டென்னசியின் புலாஸ்கி நகரில் தோன்றிய குக்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி ரகசிய அமைப்பு, முகமூடி போட்டுக்கொண்டு கறுப்பின வாக்காளர்களையும் ஆசிரியர்களையும் இரவில் வேட்டையாடியது. 1868இல் பிரவுன்லோ சிறப்புக் கூட்டம் கூட்டி, கிளானில் சேர்வதையே குற்றமாக்கும் கடுமையான சட்டம் பெற்றார். மாநிலக் காவற்படையையும் மீட்டெடுத்தார். கிளானுக்குள் ஊடுருவ அவர் அமர்த்திய சீமோர் பார்மோர் என்ற துப்பறிவாளர் 1869 தொடக்கத்தில் கொல்லப்பட்டு, உடல் டக் ஆற்றில் கிடைத்தது. பிப்ரவரி 20 அன்று ஒன்பது கவுன்ட்டிகளில் ராணுவச் சட்டம் அறிவித்தார். ஐந்து நாளில் பதவியை விட்டு விலகினார். அமெரிக்க செனட் உறுப்பினர் பதவி காத்திருந்தது.

அந்த விலகல்தான் எல்லாவற்றையும் கவிழ்த்தது. அடுத்து ஆளுநரான டிவிட் கிளின்டன் சென்டரும் பிரவுன்லோவைப் போலக் குடியரசுக் கட்சிக்காரர்தான். ஆனால் 1869 தேர்தலில் சொந்தக் கட்சிக்குள்ளேயே போட்டி வந்தது. சென்டர் செய்தது ஒரே காரியம்: பிரவுன்லோ உண்டாக்கிவைத்த அதிகாரத்தைப் பயன்படுத்திப் பதிவு அதிகாரிகளை மாற்றினார். புதியவர்கள் பழைய கூட்டமைப்பினரைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டே போனார்கள். சென்டர் இரண்டு மடங்கு வாக்கில் வென்றார். கூடவே சட்டமன்றமும் எதிர்த்தரப்பிடம் போனது. அது பள்ளிச் சட்டத்தையும் கிளான் சட்டத்தையும் நீக்கியது. 1870இல் எழுதிய புதிய சாசனம், வாக்களிக்கத் தலைவரி கட்டவேண்டும் என்ற ஏற்பாட்டுக்கு இடம் வைத்தது.

ஒரு ஆளுநரின் பேனா முனையில் நின்ற உரிமை, இன்னொரு ஆளுநரின் பேனாவில் சரிந்தது. பிரவுன்லோவை எதிர்த்த பக்கத்தில் வாக்காளர் அதிகம். அவர்களை வெளியே நிறுத்திவைத்தே ஆண்டார். உள்ளே வந்த கறுப்பின வாக்காளர்களுக்குக் கட்சியிலும் நிலத்திலும் நீதிமன்றத்திலும் காலூன்ற இரண்டே ஆண்டு கிடைத்தது. அதிலும் இரவு நேரம் கிளானுடையது. எதிராளியை நசுக்கத் தெரிந்த ஆசிரியருக்கு, தன் பக்கத்து மக்களுக்கு நிலையான பிடிமானம் கட்டிக்கொடுக்கும் பொறுமை இல்லை. அதே சமயம், நசுக்கத் துணியாத ஒருவர் அன்று கிளானை எதிர்த்து நின்றிருக்கவே மாட்டார். இந்த இரண்டு உண்மைகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அவரை எடைபோட என்னால் முடியவில்லை.

செனட்டில் நடுக்குவாதம் அவரை முடக்கியது. அவருடைய உரைகளை எழுத்தர் எழுந்து படிக்க வேண்டியிருந்தது. 1875இல் நாக்ஸ்வில்லுக்குத் திரும்பி, மறுபடியும் ஒரு பத்திரிகையில் பங்கு வாங்கினார். 1877 ஏப்ரலில் இறந்தார். அவரிடம் தொழில் பழகிய வில்லியம் ரூல் நடத்திய நாக்ஸ்வில் பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்த சிறுவன்தான் அடால்ஃப் ஆக்ஸ். பின்னாளில் நியூயார்க் டைம்ஸை வாங்கி, கட்சி சாராத செய்திக்குப் பெயர் வாங்கித் தந்தவர்.

பதினான்காம் திருத்தத்தை நாட்டிலேயே மூன்றாவதாக ஏற்ற டென்னசி, இன அடிப்படையில் வாக்குரிமை மறுப்பதைத் தடுக்கும் பதினைந்தாம் திருத்தத்தை, பிரவுன்லோ போன ஒன்பதே மாதத்தில், 1869 நவம்பரில் நிராகரித்தது. பிற மாநிலங்களின் ஒப்புதலால் அது சட்டமாகிவிட்டது. டென்னசி சட்டமன்றம் அதற்குத் தன் ஒப்புதலைக் கொடுத்தது 1997இல்.